ஆலை வளவில் இல்லாத சந்தி

மகன்,

ஸலாம் முதலில், சண்டை பிறகு. இந்தக் கடிதத்தை உன் பயணப் பைக்குள், சாரனுக்கும் சட்டைக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கலாம். ஆனால் நான் சொருகி வைக்கும் எதையும் நீ வாசிப்பதில்லை என்பது நம் வீட்டுப் பூனைக்கும் தெரியும். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நீ வாசிக்காவிட்டாலும் நம் நிந்தவூர் வாசிக்கும், கல்முனை வாசிக்கும், நீ போய் இறங்கும் மன்னார்ப் பக்கத்தில் யாராவது ஒருவர் வடை சுற்றிய தாளிலாவது வாசிப்பார். “உங்கட உம்மா எழுதியிரிக்காவே, பாத்தீங்களா?” என்று நாலு பேர் கேட்டால் வெட்கத்திலாவது தேடிப் படிப்பாய். உன் வாப்பா இதற்குச் சம்மதித்துவிட்டார். உன் பெயரைப் போடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. என் பெயரையும் போடவில்லை. ஸ்கூட்டி என்று எழுதிய பிறகு இந்த ஊரில் எனக்குப் பெயர் எதற்கு?

இனிச் சண்டை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து, கை கழுவிய ஈரம் காயுமுன் நீ உன் வகுப்புத் திட்டத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். விவசாயப் போதனாசிரியராக முதல் நியமனம், முதல் ஊர், முதல் வகுப்பு. எங்களுக்கும் பெருமைதான். முதலாம் நாள் மண் பரிசோதனை, இரண்டாம் நாள் விதைநெல் தெரிவு, மூன்றாம் நாள் உரம் என்று புதுப் பெண்ணின் அலுமாரிபோல் அழகாக அடுக்கியிருந்தாய். சுவரில் படம் விழுத்திக் காட்டப் போவதாகவும் சொன்னாய். நான் குறுக்கே கதைத்தது கொஞ்சம்தான்.

“மகன், ஆரு வாறாங்க?”

“விவசாயிகள், உம்மா.”

“எந்த விவசாயிகள்?”

“நெல் செய்யிற விவசாயிகள்.”

“படம் காட்டுறதுக்கு அங்க கரண்ட் இரிக்கா?”

நீ தாளைப் புரட்டிப் பார்த்தாய். “அது திட்டத்தில இல்ல உம்மா.”

நான் சிரித்துவிட்டேன். உன் வாப்பா பல் குத்திக்கொண்டே, “திட்டம் போட்ட கையோட திட்டும் வாங்கிட்டாய் மகன்” என்றார். நீ தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தாய். “இது வயல், உம்மா. நீங்க பொண்டுகளுக்கு ஸ்கூட்டி பழக்கின மாதிரி இல்ல” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய்.

அந்த இடத்தில்தான் நீ பிழைவிட்டாய். அது அச்சாக அதே மாதிரித்தான். நான் ஸ்கூட்டி பழக்கிய காலத்தில் நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வரும்போது பாதிக் கதை கேட்டிருப்பாய், அதுவும் சிரிக்கிற பாதி. மற்றப் பாதியையும் சேர்த்து இப்போது கேள். நீ போதனாசிரியர், போதனை தலைக்கு ஏறினால் அதுவும் ஒரு போதைதான். அது இறங்கத்தான் இந்த வைத்தியம்.

உன் உம்மா பிறக்கும்போதே உம்மாவாகப் பிறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் என்கூடப் பிறந்த காக்காவின் சாரனைக் கட்டி, வாப்பாவின் தொப்பியைப் போட்டு, தலைமயிரை அதற்குள் திணித்து, காக்காவின் சைக்கிளில் கடற்கரை வரை போய் வந்தவள் நான். வழியில் பள்ளிவாசல் மோதினார் ஸலாம் சொன்னார். தொண்டையைத் தடிப்பாக்கிப் பதில் சொன்னேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் என் வாப்பாவிடம், “ஒங்கட சின்ன மகன் நல்ல அடக்கமான பொடியன்” என்றாராம். என் வாப்பாவுக்குச் சின்ன மகன் கிடையாது. அன்றைக்கு வாங்கிய அடியில் சைக்கிள் மறக்கும் என்று நினைத்தார்கள். அடிதான் மறந்தது.

சுனாமி வந்து போனபின், தகரக் கொட்டில்களில் இருந்த பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு கொட்டில் வரிசையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர ஒரு பழைய ஸ்கூட்டியும் தந்தார்கள். நம் ஊர்ப் பெரிய வீதியில் ஸ்கூட்டி ஓட்டிய முதல் முஸ்லிம் பொம்பிளை நான்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “டே, ஒதுங்குங்கடா, வானத்தால போறது ரோட்டால வருது” என்பார்கள். “ஒங்களுக்கு டிக்கெட் இல்ல காக்கா” என்று சொல்லிவிட்டு நான் போய்க்கொண்டே இருப்பேன். எனக்கு அது மோட்டாருக்கு எண்ணெய் விட்ட மாதிரி. நாலு வார்த்தை கேட்டால் எட்டு வார்த்தை வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள், நான் பிறகு விட்ட பிழை முழுக்க இதிலிருந்துதான் முளைத்தது.

மெல்ல மெல்ல மற்றப் பெண்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். டீச்சர்மார், மருத்துவமாதுகள், தையல் கடை வைத்திருந்தவர்கள். எங்கே பழக்குவது? உன் பெரியப்பாவின் நெல் ஆலை இருந்தது. அறுவடை இல்லாத மாதங்களில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் வெறுமையாகக் கிடக்கும். வழுவழுவென்ற தரை, வளவைச் சுற்றிவர ஆள் உயர மதில், வாசலில் பூட்டுப் போடலாம். இதைவிடப் பாதுகாப்பான இடம் இலங்கையிலேயே இல்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு என்று சொல்லி அனுப்பினேன். ஒருத்தியும் வரவில்லை. உன் பெரியம்மா ஆலை வாசலில் நின்று என்னைப் பார்த்து, “பத்து மணிக்கு ஆரு கா வருவா? பத்து மணிக்கு மீன்காரன் வருவான்” என்றா. மீன் வாங்கி, வெட்டி, ஆணம் காய்ச்சி இறக்க வேண்டிய நேரத்தில் நான் அலுவலகம் திறந்து வைத்திருந்தேன். அஸருக்குப் பிறகு, பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்துக்கு மாற்றினேன். அடுத்த கிழமை வளவு நிறைய ஆட்கள். அன்று நான் சாரதிப் பயிற்சிப் பள்ளிக்கூடங்களில் செய்வதுபோல் எஞ்சினின் பாகங்களைப் பெயர் பெயராகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள், இன்னொருத்தி கேட்டாள், “ராத்தா, இதெல்லாம் படிச்சா ஓட வருமா, கழட்ட வருமா?” அத்தோடு எஞ்சினை மூடினேன். இந்த இரண்டும் சின்னப் பிழைகள். சிரித்துவிட்டுத் திருத்தினேன்.

பெரிய பிழை றம்ஸியாவின் விசயத்தில்.

றம்ஸியாவை உனக்கு முகத்தால் தெரியும். கடற்கரை ஓரத்து வீட்டில் இருந்தவள். கடல் வந்த காலை அவளுடைய மாப்பிள்ளையையும் வீட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாக் காலத்தைத் தகரக் கொட்டிலுக்குள் இருந்தாள். பிறகு ஒரு சின்ன மகளோடும் வயதான வாப்பாவோடும் பெரிய வீதிக்கு மேற்கே கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பாடசாலையில் நிரந்தரம் இல்லாத தொண்டர் ஆசிரியையாக வருடக்கணக்கில் படிப்பித்தாள். நாட்டில் சண்டை முடிந்த கையோடு அவளுக்கு நிரந்தர நியமனம் வந்தது. சந்தோசப்பட்டு முடியுமுன் இடத்தைப் பார்த்தோம். சம்மாந்துறைக்கும் மேற்கே, வயல்வெளிகளுக்கு அப்பால் ஒரு பாடசாலை. சண்டைக் காலத்தில் ஒழுங்காகத் திறக்காமல் கிடந்தது. பாடசாலை தொடங்கும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும் பஸ் இல்லை. ஆட்டோ பிடித்தால் சம்பளம் ஆட்டோக்காரருக்குத்தான். மற்ற டீச்சர்மாரை மாப்பிள்ளைமார் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவார்கள். இவளை ஏற்றி இறக்க ஆள் இல்லை. பாடசாலையின் புதுத் தவணை தொடங்கும்போது அவள் அங்கே கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை வருடம் காத்திருந்த வேலை கைவிட்டுப் போகும்.

ஆலை வளவில் அவளைப்போல் ஓட்டியவர் யாரும் இல்லை. மற்றவர்கள் எட்டுப் போடத் திணறும்போது அவள் எண்பதே போடுவாள். சாரதிப் பரீட்சையிலும் பரீட்சகர் வைத்த கூம்புகளில் ஒன்றைக்கூடத் தட்டாமல் வந்தாள். லைசன் கைக்கு வந்த அன்று பெரியம்மா வட்டிலப்பம் செய்தா. அடுத்த நாள் நான் பழக வைத்திருந்த ஸ்கூட்டியை அவளிடம் தந்து, வளவு வாசலைத் திறந்து, “போ புள்ள, இனி ரோடு ஒன்ட” என்றேன். என் ஸ்கூட்டியில் பின்னால் நானும் போனேன். சந்தி வரை நன்றாகப் போனாள். சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு நேரே, ரோட்டு நடுவில் நின்றுவிட்டாள். எஞ்சின் ஓடுகிறது, ஆள் ஓடவில்லை. பின்னால் கல்முனை பஸ் ஹோன் அடிக்கிறது. கால் நிலத்தைத் தேட, ஹபாயாத் துணி காலைத் தேடி வந்து சுற்றிக்கொண்டது. கடைக்குள் இருந்து காசிம் காக்கா ஓடி வந்தார். சின்னதாகச் சில்லறைக் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர். விடியலிலும் பின்னேரத்திலும் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருப்பார். கையை உயர்த்திப் பஸ்ஸை நிறுத்தினார். “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. பாவம், நம்மட புள்ள” என்றார். றம்ஸியா இறங்கி, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

நான் அன்று இரண்டு பாடம் படித்ததாக நினைத்தேன். ஒன்று துணி. வளவுக்குள் ஆண்கள் இல்லை என்றபடியால் எல்லோரும் ஹபாயாவைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, சல்வாரோடும் வெறும் தலைத் துணியோடும் பழகினார்கள். ரோட்டிலோ ஹபாயா, அதற்கு மேல் தலைத் துணி, அதற்கு மேல் ஹெல்மட். பழகிய உடம்பு ஒன்று, ரோட்டுக்குப் போன உடம்பு இன்னொன்று. பெரியம்மா எல்லோருடைய ஹபாயாவுக்கும் பக்கத்தில் வெட்டி, தட்டுப் பொத்தான் வைத்துத் தந்தா. அன்றிலிருந்து வளவுக்குள்ளும் முழு உடுப்போடுதான் ஓட்டம் என்று சட்டம் போட்டேன். இரண்டாவது பாடம் கண். என் வளவில் எல்லாம் இருந்தது, சந்தி மட்டும் இல்லை. சந்தியில் இருப்பது பஸ்ஸோ மாடோ அல்ல, வாங்கில் வரிசையாக இருக்கும் ஆம்பிளைகள். அந்தச் சந்தியை வளவுக்குள் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தேன். பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டேன். மூன்று நாலு பேரைச் சாரன் கட்ட வைத்து, தொப்பி போட வைத்து, கையில் ஆளுக்கொரு பிளேன்டீ கொடுத்து இருத்தினேன். பெரியம்மா மை எடுத்து மீசை கீறினா. ஓட்ட வருபவள் இந்தக் கடைக்கு முன்னால் நின்று, கிறுகித் திரும்பி, போக வேண்டும். கடைக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

“என்ன புள்ள, நீ ஸ்கூட்டிய ஓட்டுறியா, ஸ்கூட்டி ஒன்ன ஓட்டுதா?”

“கிறுகுறாவாம் கா, கிறுகுறா. தேங்காய் திருகுற மாதிரி இரிக்கி.”

“இவ போய்ச் சேர மறுகா பெருநாள் வந்திரும்.”

“அடுப்பில பால் பொங்குது, இவ ரோட்டில பொங்குறா.”

மதிலுக்கு வெளியே போனவர்கள் உள்ளே கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள். தையல்கடை றிஸ்வியா ஒரு தடவை சிரித்துச் சிரித்து ஸ்கூட்டியோடு சாய்ந்தாள். றம்ஸியா மட்டும் சாயவில்லை. அவளும் சிரித்தாள், “டீ ஆறுது, குடிங்க காக்கா” என்று பதில் சொன்னாள், நிறுத்தினாள், கிறுகினாள், போனாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. அந்தப் பொய்க் கடையில் இருந்தவர்கள் மற்றவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேலி செய்தார்கள். “மாப்பிள்ளைக்குச் சோறு போட்டாச்சா, ரோட்டுக்கு வந்திட்டாய்?” என்று கேட்டார்கள். றம்ஸியா வரும்போது மட்டும் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி, முள் எடுத்த மீனைப்போல் கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை பொத்தான் வைத்த ஹபாயாவோடும் பழகிய காதோடும் அவள் மறுபடி ரோட்டுக்குப் போனாள். கடையில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கேலி இல்லை, கூச்சல் இல்லை. காசிம் காக்கா எழுந்து நின்று வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார், அவ்வளவுதான். அவள் அதே இடத்தில், அதே மாதிரி நின்றாள். அதே மாதிரித் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆலை வாசலில் ஸ்கூட்டியைப் பூட்டிச் சாய்த்து வைத்துவிட்டு, திறப்பை என் கையில் தந்தாள்.

“ராத்தா, எனக்கி இது வேணாம். நான் வேலைய உடுறன்.”

“பஸ்ஸுக்குப் பயமா?”

“இல்ல.”

“சந்தியில நிக்கிற ஆமிக்காரனுக்கா?”

“அவனும்தான் பாக்கான். அவனத் தாண்டித்தான் வாறன். அவனுக்கு என்ன ஆரெண்டு தெரியாது.” கொஞ்ச நேரம் ஹெல்மட் வாரைச் சுருட்டினாள். “கடையில இரிக்கவங்களுக்குத் தெரியும். என்னக் கண்டா எல்லாருக்கும் கடல் ஞாபகம் வருது. கதைய நிப்பாட்டிட்டு ஒரு மாதிரிப் பாக்காங்க. அந்தப் பார்வ மேல பட்டா நான் திரும்பவும் அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்த ஆள் ஆகிருவன். கை காலெல்லாம் ஆறிப்போகுது.”

“நான் காசிம் காக்காட்டச் செல்லுறன்.”

“வேணாம். அவர் நல்ல மனிசன். அதுதான் கஷ்டம்.”

மகன், நான் பழக்கியது றம்ஸியாவை அல்ல, என்னை. சாரன் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிய பெட்டைக்கு எது பயமோ அதற்கு மருந்து தயாரித்து, அந்த மருந்தை வேறொருத்தியின் வாயில் ஊற்றியிருக்கிறேன். கேலிக்கு அவள் பயந்ததே இல்லை. ஒருவர் அவளைக் கேலி செய்து எத்தனை காலம் ஆகியிருக்கும். அதை அவள் ரசித்திருப்பாள். அவளை நிறுத்தியது இரக்கம். எதற்குப் பயம் என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் கதிரையும் மீசையும் தேவைப்பட்டிருக்காது. கேட்காததற்குக் காரணம், பதில் தெரியும் என்று நினைத்ததுதான்.

இப்போது நீ போகும் ஊரை நினைத்துப் பார். அங்குள்ளவர்கள் பல வருடம் புத்தளத்துப் பக்கம் அகதியாக இருந்து, சண்டை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் என்று நீயே சொன்னாய். ஊரைவிட்டு எழும்பிப் போனபோது வயலில் நின்ற ஆண்கள் இன்று தாடி நரைத்தவர்கள். அன்று இடுப்பில் தூக்கிப் போகப்பட்ட பிள்ளைகள் இன்று குடும்பக்காரர்கள். கடை தெரியும், கூலி வேலை தெரியும், சேற்றில் கால் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் உன் திட்டம் ‘விவசாயிகள்’ என்ற ஒரே பாயில் இருத்துகிறது. வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மகன் ‘எனக்கு நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது’ என்று கை தூக்குவானா? மகனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாப்பா ‘மறந்து போச்சு’ என்பாரா? இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதைப் பார்த்து நீ மூன்றாம் நாள் உரத்துக்குப் போய்விடுவாய். மண்ணைப் பரிசோதிக்க முதல் அந்த வெட்கத்தைப் பரிசோதித்துப் பார். ஒருவேளை வாப்பாமாரையும் மகன்மாரையும் வேறு வேறு நேரத்துக்குக் கூப்பிட வேண்டி வரலாம். ஒருவேளை வாப்பாமாரையே வரம்பில் நின்று சொல்லிக்கொடுக்க வைத்து, நீ ஓரமாக நிற்க வேண்டி வரலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அங்கே போய் இருந்தால்தான் தெரியும்.

திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த அந்த அந்திநேரத்தில்தான் ஹிதாயா டீச்சர் வந்தாள். அவளுக்கும் அதே பாடசாலைக்குத்தான் நியமனம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முன்பு ஒரே ஒரு நாள் என் வகுப்புக்கு வந்து, “நான் ஏறினா இது ஸ்கூட்டி இல்ல, சட்டினி” என்று சொல்லிவிட்டுப் போனவள். அவளுடைய மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. நேரே றம்ஸியாவிடம் போனாள்.

“தங்கச்சி, ஒனக்கு ஓடத் தெரியும். எனக்கி ஏறத் தெரியும். என்னயும் கொண்டுபோ.”

நான் குறுக்கே விழுந்தேன். என் ஒழுங்கின்படி பின்னால் ஆள் ஏற்றுவது கடைசிப் பாடம். முதலில் நிதானம், பிறகு திருப்பம், பிறகு ரோடு, சந்தி, மழை, அதெல்லாம் முடிந்தபின்தான் பாரம். தனியாகச் சந்தி தாண்டாதவள் இந்த உடம்பை ஏற்றிக்கொண்டு எப்படித் தாண்டுவாள்? “இப்ப வேணாம் ஹிதாயா, இது விளையாட்டில்ல” என்றேன். றம்ஸியா என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த திறப்பை எடுத்தாள். ஸ்கூட்டியை நிமிர்த்தினாள். “ஏறுங்க” என்றாள்.

ஹிதாயா ஏறியதும் ஸ்கூட்டி ஒரு முறை முனகியது. தளத்தின் நடுவில் இரண்டு பேரும் பாம்புபோல் வளைந்தார்கள். ஹிதாயா றம்ஸியாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தெரிந்த ஓதல்களை எல்லாம் வளவே அதிரும்படி ஓதத் தொடங்கினாள். “என்ட றப்பே, மதில் வருது, மதில் வருது” என்றாள். மதில் எங்கேயும் வரவில்லை. அப்போது றம்ஸியாவின் குரல் கேட்டது. சத்தமில்லாத, வகுப்பில் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோன்ற குரல்.

“பயப்படாதீங்க ராத்தா. நான் இரிக்கன்.”

பெரியம்மா என் கையைப் பிடித்தா. கடல் வந்து போனபிறகு எல்லோரும் றம்ஸியாவுக்குச் சொன்ன வார்த்தை அது. அவள் யாருக்காவது சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான். நான் கடைசியில் வைத்திருந்த பாடம் அவளுக்கு முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு நாங்கள் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டோம். தவணை தொடங்கும்வரை ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் வளவைச் சுற்றினார்கள். பிறகு பின்னாலுள்ள சின்ன ஒழுங்கைகளில், பிறகு காரைதீவுச் சந்தி வரை வேறு வழியால். தேத்தண்ணிக் கடைச் சந்தியை மட்டும் அவள் பாடசாலை தொடங்கும் நாளுக்கு என்று விட்டு வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் வாப்பா அதை இன்றும் நம்பவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, விடியற்காலை ஸுபஹ் தொழுது கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் தூரத்தில் பின்னால் போனேன். சந்தியில் அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. காசிம் காக்கா கண்டுவிட்டார். பிளேன்டீயை வாங்கில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கிக் கையை உயர்த்தினார். கடையில் கதை நின்றது. எல்லோரும் அந்தப் பார்வை பார்த்தார்கள். றம்ஸியா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஹிதாயா கண்ணை மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸியை உச்சக் குரலில் ஓதிக்கொண்டிருந்தாள். றம்ஸியா தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அவளிடம் என்னவோ சொன்னாள். பிறகு ஹோன் அடித்தாள். நீளமாக ஒரு ஹோன், காசிம் காக்காவைப் பார்த்தே. அவர் ஒரு துள்ளுத் துள்ளி ஓரத்துக்குப் போனார். ஸ்கூட்டி பஸ்ஸுக்கு முன்னால் கிறுகி, வடக்கே காரைதீவுப் பக்கம் போய்விட்டது.

காசிம் காக்கா உயர்த்திய கையை இறக்க மறந்து அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் கேட்டார்.

“பின்னால இரிக்கிற புள்ள ஆரு, மகள்? பாவம், நல்லாப் பயந்து போயிரிக்கி.”

“ஓம் காக்கா, பாவம்தான்” என்று சொல்லி, ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு, ஆலை வாசல் வரும்வரை சிரிக்காமல் வந்தேன்.

றம்ஸியா இப்போது அங்கே ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். மழைக்காலத்தில் பாதை சேறாகும், அதுவும் பழகிவிட்டது என்கிறாள். போன மாதம் ஹிதாயாவைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். “இனி நீயும் பழகலாமே. ஒரு மாசம் தா, நான் ஓட வைக்கிறன்” என்றேன். அவள் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “நான் இறங்கிட்டா றம்ஸியா ஆரக் கொண்டுபோற?”

அன்று வளவில் ஓதியது எல்லாம் பயத்திலா என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அரைக் கிலோ வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் எழுது, மகன். என்ன பாடம் நடத்தினாய் என்று எழுத வேண்டாம். யார் வந்தார்கள், எங்கே இருந்தார்கள், யார் யாருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை, அதை எழுது. மிச்சத்தை இரண்டு பேருமாக யோசிப்போம்.

உன் உம்மா